எச்-இன்டெக்ஸ் 13 என்றால் நல்ல கைடா?

சென்னையில் எம்.பி.டி. (பிசியோதெரபி முதுகலை) முடித்துவிட்டு பிஎச்.டி.க்குப் பதிவு செய்யப்போகிறீர்கள். கைடாக இருக்க ஒப்புக்கொண்ட பேராசிரியரின் கூகுள் ஸ்காலர் பக்கத்தில் 85 கட்டுரைகள், 640 சைட்டேஷன் (மேற்கோள்), எச்-இன்டெக்ஸ் 13 என்று இருக்கிறது. பிசியோதெரபியில் இது நல்ல ரெக்கார்டா, சுமாரா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணுக்கு மட்டும் பதில் வேண்டுமென்றால், நம் ஊர் பிசியோதெரபி சூழலில் இது மோசமில்லை, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது வேறு என்று எனக்குப் படுகிறது. இவரிடம் நான்கைந்து வருடம் இருந்தால் ஆராய்ச்சி செய்யக் கற்றுக்கொள்வேனா, இல்லை இவருடைய பட்டியலில் 86-ஆவது வரியாகப் போய்விடுவேனா என்பதுதானே? அதற்கான விடையில் பாதி அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் நியூரோ பிசியோதெரபிஸ்ட். பல வருடம் கிளினிக், அப்புறம் எம்.பி.டி. மாணவர்களுக்கு ஆய்வுமுறைப் பாடம், தீசிஸ் திருத்துவது என்று போய்க்கொண்டிருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் எச்-இன்டெக்ஸ். 2005-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த கணக்கு இது. 13 என்றால், ஒவ்வொன்றும் குறைந்தது 13 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 13 இருக்கின்றன என்று பொருள். அந்தப் பதின்மூன்றில் ஒன்று 14 முறை மேற்கோள் பெற்றதா, 400 முறை பெற்றதா என்று இந்த எண் சொல்லாது. மீதி 72 கட்டுரைகளை ஒருவராவது படித்தாரா என்றும் சொல்லாது. இன்னொன்று, இது ஏறும், இறங்காது. இன்றோடு ஆராய்ச்சியை நிறுத்திவிட்டவருக்கும் பழைய கட்டுரைகளின் புண்ணியத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் முதல் கட்டுரை வெளிவந்த வருடத்தைப் பார்க்காமல் இந்த எண்ணைப் பேசுவதில் அர்த்தமில்லை. பத்து வருடத்தில் 13 ஒரு கதை, முப்பது வருடத்தில் 13 வேறு கதை. புற்றுநோய்த் துறைப் பேராசிரியரோடு ஒப்பிடவும் கூடாது. அங்கே எழுதுகிறவர்களும் அதிகம், மேற்கோள் காட்டுகிறவர்களும் அதிகம். பிசியோதெரபிக்கு உள்ளேயே முதுகுவலி பற்றி எழுதுபவருக்கு வரும் மேற்கோள், பிறவிக் கைகால் குறைபாடு பற்றி எழுதுபவருக்கு வராது.

கூகுள் ஸ்காலர் எண் எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். அது தீசிஸ், மாநாட்டுத் தொகுப்பு, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஜர்னல் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. அது ஒரு நிரல், உள்ளே வருவதை உட்கார்ந்து சரிபார்க்க அங்கே ஆள் கிடையாது. 2010-இல் பிரான்சின் கிரெனோபிளில் சிரில் லாபே என்பவர், கணினி உருவாக்கிய அர்த்தமற்ற கட்டுரைகளை இணையத்தில் போட்டு, ஐக் ஆன்ட்கேர் என்ற இல்லாத மனிதருக்கு எச்-இன்டெக்ஸ் 94 வாங்கிக் கொடுத்தார். நம் பேராசிரியர்கள் பலரை விட அது ஏழு மடங்கு. அதனால், தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டும் எண்ணும் ஸ்கோப்பஸ் தரவுத்தளத்திலும் ஒரு தடவை பாருங்கள். பணம் கட்டாமலேயே ஆசிரியர் பெயரைப் போட்டு கட்டுரை எண்ணிக்கையையும் எச்-இன்டெக்ஸையும் பார்க்கலாம். கூகுளில் 13 என்றால் ஸ்கோப்பஸில் 8 அல்லது 9 இருப்பது சாதாரணம், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. கூகுளில் 13, ஸ்கோப்பஸில் 3 என்றால் மட்டும் ஏன் என்று கேளுங்கள். கல்லூரியில் ஸ்கோப்பஸின் முழு வசதி இருந்தால், தன்னைத்தானே மேற்கோள் காட்டியவற்றைக் கழித்துவிட்டுப் பார்க்கவும் முடியும். ஒரே தலைப்பில் தொடர்ந்து வேலை செய்பவர் தன் முந்தைய கட்டுரையைக் குறிப்பிடத்தான் செய்வார், அது தப்பில்லை. கழித்ததும் பாதி காணாமல் போனால்தான் யோசிக்க வேண்டும்.

இப்போது அந்த 640-ஐப் பிரித்துப் பாருங்கள். ஸ்காலர் பக்கத்தில் கட்டுரைகள் மேற்கோள் எண்ணிக்கை வரிசையில்தான் நிற்கும். முதல் வரியில் 400 மேற்கோளோடு ஒரு கட்டுரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 84 கட்டுரைகளுக்கும் சேர்த்து 240, அதாவது கட்டுரைக்கு மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த முதல் கட்டுரை எது? உலக நோய்ச்சுமை ஆய்வு போன்ற பெரும் கூட்டுத் திட்டங்களில் ஒரு கட்டுரைக்கு நூற்றுக்கணக்கானோர் ஆசிரியர்களாக இருப்பார்கள். லான்செட் மருத்துவ ஜர்னலில் வெளிவந்து ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெறும். அதில் பங்களித்தது பெருமைதான். ஆனால் அதை வைத்து ஒருவர் தனியாக ஓர் ஆய்வை வடிவமைப்பாரா என்று கணிக்க முடியாது. அதே மாதிரி, அளவீட்டுக் கருவி பற்றிய கட்டுரைகளுக்கு மேற்கோள் குவியும். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் டைம்டு அப் அண்ட் கோ சோதனையை நாம் எல்லோரும் தினமும் செய்கிறோம். போட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் 1991-இல் எழுதிய கட்டுரை அது. அதைப் பயன்படுத்தும் ஒவ்வோர் ஆய்வும் அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். முதுகுவலிக்கான ஆஸ்வெஸ்ட்ரி வினாப்பட்டியலும் அப்படித்தான். 1980-இல் பிசியோதெரபி ஜர்னலில் வந்தது, இன்னும் மேற்கோள் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே வந்த ஆய்வுகளை முறையாகத் தொகுத்துப் பார்க்கும் சிஸ்டமேட்டிக் ரிவியூக்களுக்கும் இந்தச் சாதகம் உண்டு. நோயாளிகளைச் சேர்த்து, ஆறு மாதம் பின்தொடர்ந்து, பாதிப் பேர் வராமல் போய், மிஞ்சியவர்களை வைத்து எழுதிய டிரையலுக்கு அந்த அளவு மேற்கோள் வராது. உழைப்பு அதில்தான் அதிகம்.

நிறைய மேற்கோள் என்றால் சரியான ஆய்வு என்று எடுத்துக்கொள்ள முடியுமா? பிசியோதெரபியில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1996-இல் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் ஸ்பைன் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார்கள் (மேலே சொன்ன ரிச்சர்ட்சன் வேறு). கையைத் தூக்கும்போது முதுகுவலி உள்ளவர்களுக்கு வயிற்றின் ஆழத்தில் உள்ள டிரான்ஸ்வர்சஸ் அப்டாமினிஸ் தசை தாமதமாகச் சுருங்குகிறது என்றது அது. மிகப் பிரபலமான கட்டுரை. அதன் மீதுதான் கோர் ஸ்டெபிலிட்டி (உடலின் நடுப்பகுதித் தசைகளை உறுதியாக்குவது) என்ற பேரலையே எழுந்தது. அடையாறில் இருந்து அம்பத்தூர் வரை எந்த கிளினிக்கில் நுழைந்தாலும் வயிற்றை உள்ளே இழுங்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். 2016-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட சிஸ்டமேட்டிக் ரிவியூ, நாட்பட்ட முதுகுவலிக்கு அந்த வகைப் பயிற்சி மற்ற உடற்பயிற்சிகளைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலானதல்ல என்ற முடிவுக்கு வந்தது. 1996 கட்டுரை பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. தசை தாமதிப்பதைப் பார்த்தது ஒரு விஷயம், அதைத் திருத்தினால் வலி போய்விடும் என்பது இன்னொரு விஷயம். இரண்டாவதை மற்றவர்கள் வேகமாக எடுத்துக்கொண்டு ஓடினார்கள், அந்த ஓட்டமும் சைட்டேஷனாகத்தான் பதிவாகியிருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு, மேற்கோள் வராவிட்டாலும் பயன்படும் வேலை. முழங்கால் தேய்மானத்துக்கு நாம் பயன்படுத்தும் வோமேக் வினாப்பட்டியல் காலுறை மாட்டுவதைக் கேட்கும், காரில் ஏறி இறங்குவதைக் கேட்கும், குளியல் தொட்டியைக்கூடக் கேட்கும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழ முடிகிறதா என்று கேட்காது. திருவொற்றியூரில் இருந்து வரும் அறுபது வயது அம்மாவுக்கு அதுதான் முதல் கவலை. இதைச் சரிசெய்து, தமிழில் நம்பகமாகக் கேட்கக்கூடிய ஒரு வினாப்பட்டியலை யாராவது முறையாகச் சரிபார்த்து வெளியிட்டால் அதற்குப் பத்து மேற்கோள்கூட வராமல் போகலாம். தமிழ் பேசாத ஊரில் அதை யார் குறிப்பிடப்போகிறார்கள்? ஆனால் இங்கே ஓ.பி.யில் தினமும் கைகொடுக்கும். உங்கள் பேராசிரியரின் பட்டியலின் அடிப்பகுதியில் இப்படி ஏதாவது இருந்தால், என் கணக்கில் அதற்குத் தனி மதிப்பெண்.

நம் பெயர்கள் செய்யும் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். அப்பா பெயர் சுப்பிரமணியன், சொந்தப் பெயர் செந்தில் குமார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜர்னலில் குமாரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வார்கள், இன்னொன்றில் சுப்பிரமணியனை, மூன்றாவதில் வெறும் எஸ் என்ற எழுத்தையே குடும்பப் பெயராக்கிவிடுவார்கள். விளைவு, ஒரே ஆள் ஸ்கோப்பஸில் மூன்று ஆட்களாக நிற்பார். கூகுளிலோ இதற்கு நேர்மாறாக, ஊரில் உள்ள எஸ். குமார்கள் அத்தனை பேரின் கட்டுரைகளும் ஒருவர் பக்கத்தில் வந்து விழும். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இனிஷியலை விட்டுவிட்டு கணவர் இனிஷியலுக்கு மாறிய பெண் ஆராய்ச்சியாளர்களின் பழைய கட்டுரைகள் பாதி காணாமல் போயிருக்கும். எனவே அந்த 85-இல் சம்பந்தமே இல்லாத துறைக் கட்டுரை ஏதாவது இருந்தால் உடனே மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். கூகுள் தானாகச் சேர்த்தது, அவர் நீக்காமல் விட்டிருக்கலாம். இதற்காகத்தான் 2012-இல் ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் வந்தது. அவருக்கு அது இருந்தால் அந்தப் பக்கத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். உங்களுக்கு இன்னும் இல்லையென்றால் முதல் கட்டுரை அனுப்பும் முன்பே இலவசமாக ஒன்று வாங்கி, பெயரை இனி எப்படி எழுதுவது என்றும் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

எண்களை இதோடு விட்டுவிட்டு, ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அவருடைய நான்கு கட்டுரைகளைப் படியுங்கள். சமீபத்திய டிரையல்கள் இரண்டு, பழையது ஒன்று, அதிக மேற்கோள் பெற்றது ஒன்று. நம் ஊர் தீசிஸ்களில் இருந்து வரும் கட்டுரைகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வரும். முப்பது பேரை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். நான்கு வாரம் சிகிச்சை. ஒவ்வொரு குழுவிலும் முன்பு எவ்வளவு வலி, பின்பு எவ்வளவு வலி என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டு, புதுச் சிகிச்சை பெற்ற குழுவில் பி மதிப்பு (மாற்றம் தற்செயலா என்று பார்க்கப் பயன்படும் புள்ளியியல் எண்) 0.05-க்குக் கீழே வந்துவிட்டது, எனவே புதுச் சிகிச்சை பலன் தருகிறது என்று முடித்துவிடுவார்கள். வலி அதிகமான நாளில்தான் ஆட்கள் நம்மிடம் வருகிறார்கள், நான்கு வாரத்தில் ஒன்றும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். குழுக்களுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம், அந்த வித்தியாசம் நோயாளிக்கு உறைக்கும் அளவா என்பதுதான் கேள்வி. அதைக் கேட்காத கட்டுரைகளில் தொடர்ந்து பெயர் போட்டவர் உங்களுக்கும் அதைக் கேட்கக் கற்றுத்தர மாட்டார். இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் குறைக்கும் சாக்கு உண்டு. பணம் இல்லை, ஆள் இல்லை, கருவி இல்லை. இதற்குக் கிடையாது.

அடுத்து பதிவு எண். மனிதர்கள் மேல் செய்யும் டிரையல்களைப் பதிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2007-இல் தொடங்கிய சிடிஆர்ஐ என்ற தளம் இருக்கிறது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்தால்தான் அங்கே எண் கிடைக்கும். கட்டுரையில் உள்ள எண்ணைப் போட்டுத் தேடினால், தொடக்கத்தில் எதை அளக்கப்போவதாகச் சொன்னார்கள், எத்தனை பேரைச் சேர்க்கத் திட்டமிட்டார்கள் எல்லாம் வரும். நடைவேகத்தை அளப்பதாகப் பதிந்துவிட்டு, கட்டுரையில் சமநிலையை முதன்மை முடிவாகக் காட்டியிருந்தால் அதை அவரிடமே மரியாதையாகக் கேட்கலாம். நியாயமான காரணம் இருக்கவும் கூடும். அவர் கோபப்படுகிறாரா, விளக்குகிறாரா என்பதே உங்களுக்கு ஒரு தகவல். பெட்ரோ தளத்தையும் பாருங்கள். 1999-இல் சிட்னியில் ஆரம்பித்தது, பிசியோதெரபி டிரையல்களுக்கென்றே உள்ளது, தமிழிலும் பக்கம் வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் பெயரை வைத்துத் தேடலாம். ஒவ்வொரு டிரையலுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டிருப்பார்கள். உடற்பயிற்சி டிரையலில் யாருக்கு என்ன சிகிச்சை என்று தெரபிஸ்டிடமும் நோயாளியிடமும் மறைப்பது பெரும்பாலும் நடக்காத காரியம், ஆகவே எட்டு வாங்கினாலே உச்சம். ஆறு, ஏழு நல்லது. எல்லாமே மூன்று, நான்கு என்றால் எந்த இடத்தில் மதிப்பெண் போயிற்று என்று பாருங்கள். குழு ஒதுக்கீட்டை மறைத்து வைப்பதற்கும், அளப்பவருக்குக் குழு தெரியாமல் பார்த்துக்கொள்வதற்கும் பெரிய செலவு ஆகாது. ஓர் உறையும் பக்கத்துத் துறை நண்பரும் போதும்.

ஸ்கோப்பஸில், எந்த வருடம் எத்தனை கட்டுரை என்று காட்டும் பட்டையையும் கவனியுங்கள். வருடத்துக்கு மூன்று, நான்கு என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று ஒரு வருடம் 25 ஆகிறதா? 2016-இல் கல்லூரிகளுக்கான மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை வந்ததிலிருந்து வெளியீட்டு எண்ணிக்கை கல்லூரிகளுக்கு வாழ்வா சாவா பிரச்சினை. சென்னையைச் சுற்றி இத்தனை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கும்போது அந்த அழுத்தம் இங்கே கொஞ்சம் கூடுதலாகவே தெரிகிறது. ஆசிரியர்கள் ஒருவர் கட்டுரையில் மற்றவர் பெயரைச் சேர்த்துக்கொள்வதும், பணம் கட்டினால் பத்து நாளில் போடும் ஜர்னலுக்கு அனுப்புவதும் இதிலிருந்து வருபவைதான். கழுத்துவலி, பல் ஈறு, நானோ துகள், கல்லூரி மாணவர் மனஅழுத்தம் என்று தலைப்புகள் நாலாபுறமும் சிதறிக் கிடந்தால் அதற்கு நல்ல விளக்கம் அபூர்வம். ஸ்கோப்பஸில் உள்ள ஜர்னல் என்பதும் நிரந்தர உத்தரவாதமில்லை. தரம் சரியில்லை என்று அவர்கள் நிறுத்திய ஜர்னல்கள் இருக்கின்றன, நிறுத்துவதற்கு முன் வந்த கட்டுரைகள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஏற்கத்தக்க ஜர்னல்கள் என்று வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலையும் 2025-இல் யுஜிசியே கைவிட்டுவிட்டது. வாபஸ் வாங்கப்பட்ட கட்டுரை ஏதாவது உண்டா என்று ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள், இலவசம்தான். அப்புறம், உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகளில் ஒருவர் என்று கல்லூரி வாசலில் பேனர் இருந்தால், அது வாழ்நாள் பட்டியலா, ஒரு வருடப் பட்டியலா என்று பாருங்கள். ஸ்டான்ஃபோர்டின் அயோனிடிஸ் குழு இரண்டையும் தனித்தனியாக வெளியிடுகிறது, பேனர் அடிப்பவர்கள் அதைச் சொல்வதில்லை.

இதில் எதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம் என்றால், பதிவு எண்ணும் தேதியும், புள்ளியியல் சரியா தப்பா என்பதும், வாபஸ் பெற்ற கட்டுரையும். இவை கையில் பிடித்துக் காட்டக்கூடியவை. வருடப் பட்டையும் தலைப்புச் சிதறலும் சந்தேகத்துக்கு இடம் தருபவை, அவ்வளவுதான். புதிதாக ஒரு பெரிய திட்டம் கிடைத்தாலும் பட்டை உயரும். எச்-இன்டெக்ஸ் 13-ஐ வைத்து நல்லவர், கெட்டவர் என்று நானும் சொல்ல முடியாது, வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மாணவரை எப்படி நடத்துவார் என்பதற்கு அந்தப் பட்டியலில் ஒரே ஒரு தடயம் உண்டு, ஆசிரியர் வரிசை. மாணவர் தீசிஸில் இருந்து வந்த கட்டுரையில் முதல் பெயர் மாணவருடையதா? கைடின் பெயர் கடைசியிலோ இரண்டாவதாகவோ இருக்கிறதா? எல்லாவற்றிலும் கைடே முதல் ஆசிரியராக இருந்து, மாணவர் பெயர் மூன்றாவது, நான்காவது என்று போயிருந்தால் உங்களுக்கும் அதே இடம்தான். பிஎச்.டி.க்குக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிகளில் எடுத்துவிட்டது. ஆனாலும் பல்கலைக்கழகங்கள் தம் அளவில் கேட்கலாம், பதிவு செய்யும் முன் உங்கள் பல்கலைக்கழக விதியை வாசித்துவிடுங்கள். கட்டுரை கட்டாயமென்றால் ஆசிரியர் வரிசை பற்றி முதல் மாதமே பேசிவிடுவது நல்லது, தயங்க வேண்டாம். அந்த முதல் ஆசிரியர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். முடித்தவர் ஒருவர், இன்னும் முடிக்காமல் இருப்பவர் ஒருவர், இரண்டு பேரிடமும் போனில் பேசுங்கள். வரைவு கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார், எத்திக்ஸ் கமிட்டி முன்பு கூட வந்து உட்கார்வாரா, எதிர்பார்த்த முடிவு வராதபோது என்ன சொன்னார் என்று கேளுங்கள். நடுவில் கைடை மாற்றிக்கொண்ட மாணவர் யாராவது இருந்தால், முதலில் அவரிடம் பேசுங்கள்.